உணவு டெலிவரி வேலை: பையைத் துடைப்பதைக் குறையுங்கள், காற்றைக் கவனியுங்கள்

கேள்வி: சென்னையில் உணவு டெலிவரி வேலை செய்கிறேன். வயது 27. வியாசர்பாடியில் ஒரே அறை வீடு. மனைவி, நான்கு வயது மகள், 61 வயது அம்மா உடன் இருக்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. கொரோனா பயத்தில் ஒவ்வொரு ஆர்டருக்கும் பைமேலும் பார்சல்மேலும் சானிடைசர் அடிக்கிறேன், இரவு வீட்டுக்குப் போனதும் சட்டை பேன்ட்டை டெட்டாலில் ஊறவைக்கிறேன். போனில் பேசினால் கஸ்டமருக்குக் கேட்பதில்லை என்பதால் மாஸ்க்கை இறக்கித்தான் பேச வேண்டியிருக்கிறது. வெயிலில் மாஸ்க் நனைந்து மூச்சு முட்டுகிறது. கொரோனா நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்கும் ஆர்டர் வருகிறது. காய்ச்சல் வந்துவிடுமோ என்று தடுப்பூசி போடப் பயம், ஒரு நாள் லீவு போட்டாலும் வீட்டில் அடுப்பெரியாது. அம்மாவை ஊருக்கு அனுப்பிவிடலாமா?

பதில்: தம்பி, நீங்கள் படும் பாட்டில் பாதி, ஆபத்து இல்லாத இடத்தில் செலவாகிறது. ஒரு நாளைக்கு முப்பது முறை பையைத் துடைக்கிறீர்கள். அதே நாளில் ஓட்டல் வாசலில் தோளோடு தோள் உரசி நிற்கிறீர்கள், பேசுவதற்கு மாஸ்க்கை இறக்குகிறீர்கள். நோய் தொற்றுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான்.

இந்த வைரஸ் முக்கியமாக மூச்சுக்காற்று வழியாகப் பரவுகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட கணிப்பின்படி, வைரஸ் பட்ட ஒரு பொருளைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு ஒவ்வொரு தொடுதலுக்கும் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஸ்டீல், பிளாஸ்டிக் பரப்புகளில் 72 மணி நேரம் வரை வைரஸ் இருந்தது என்று 2020இல் வந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அது ஆய்வகத்தில், நிறைய வைரஸை ஓரிடத்தில் வைத்துப் பார்த்த சோதனை. வெயில் அடிக்கும் தெருவில் ஒரு பார்சல் கவர் அப்படி இருக்காது. வைரஸ் உள்ள மூச்சுக்காற்றைப் பீடிப் புகை போல நினைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் ஒருவர் பீடி பிடித்தால் எனக்கு வாசனை வருமா, போன பிறகும் புகை தங்குமா என்று கேட்டுப் பாருங்கள். வரும், தங்கும் என்றால் அங்கே மாஸ்க் இறங்கக் கூடாது, அதிக நேரம் நிற்கவும் கூடாது.

அப்படிப் பார்த்தால் உங்கள் வேலையில் கவனிக்க வேண்டிய முதல் இடம் ஓட்டலின் பார்சல் கவுன்டர். 2021 மே 10 முதல் ஊரடங்கில் உணவு டெலிவரிக்குக் காலை 6 முதல் 10, மதியம் 12 முதல் 3, மாலை 6 முதல் 9 என்று நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நாள் முழுக்கப் பரவியிருந்த ஆர்டர்கள் மூன்று நேரங்களில் வந்து குவிந்தன. மதியம் ஒரு மணிக்குப் பிரியாணிக் கடை வாசலில் இருபது பேர் நின்றது அதனால்தான். ஆப்பில் வந்துவிட்டதாகக் காட்டக் கடை வாசலுக்குப் போனால் போதும், கவுன்டர் முன்னால் நிற்கத் தேவையில்லை. ஆர்டர் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கவுன்டரில் சொல்லிவிட்டு, ரோட்டோரம் வண்டி அருகில் போய் நில்லுங்கள். பார்சல் தயாரானதும் எண்ணைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். ஏசி போட்டு மூடிய கடைக்குள் உட்கார வைத்தால் மறுத்துவிடுங்கள். வாசலில் நிற்கும்போது மற்றவரிடமிருந்து ஆறடி தள்ளி, முடிந்தால் காற்று உங்களிடமிருந்து அவரை நோக்கி வீசும் பக்கமாக நிற்பது நல்லது.

அதைவிட ஆபத்தான ஓர் இடத்தை உங்கள் கடிதம் சொல்லவில்லை. ஆர்டர் இல்லாத நேரத்தில் பையன்கள் ஒரே மர நிழலில் கூடுகிறீர்கள் அல்லவா? சாப்பாடு, டீ, பேச்சு, சிரிப்பு, ஒரே பாட்டில் தண்ணீர், ஒரே போனில் வீடியோ. எல்லார் மாஸ்க்கும் தாடையில் இருக்கும். கஸ்டமரிடம் நீங்கள் நிற்பது பத்து வினாடி, நண்பர்களோடு உட்கார்வது முக்கால் மணி நேரம். கூட இருப்பவருக்கு நோய் இருந்தால் காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அவர் பரப்பத் தொடங்கியிருப்பார், அவருக்கே தெரியாது. பேசுங்கள், கூட்டாளிகள் இல்லாமல் இந்த வேலை செய்ய முடியாது. மாஸ்க் போட்டுக்கொண்டு பேசுங்கள். சாப்பிடுவதை மட்டும் ஆளுக்கொரு பக்கமாக, தள்ளி உட்கார்ந்து முடித்துக்கொள்ளுங்கள்.

இனி மாஸ்க். வால்வு வைத்த என்-95 வேண்டாம், நீங்கள் விடும் மூச்சு வடிகட்டாமல் அதன் வழியே வெளியே போய்விடும். வால்வு இல்லாத என்-95 ஐந்து வாங்கி ஒவ்வொன்றிலும் எண் போடுங்கள். இன்று ஒன்றாம் எண், நாளை இரண்டாம் எண். கழற்றியதைக் காகித உறையில் போட்டுக் காற்றோட்டமாக மாட்டிவிட்டால் அதன் முறை மறுபடி வருவதற்குள் காய்ந்து, அதிலுள்ள வைரஸும் செத்திருக்கும். பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரம் அப்படியே நிற்கும். என்-95ஐத் துவைக்கக் கூடாது, சானிடைசர் அடிக்கக் கூடாது, அதிலுள்ள மின்னூட்டம் போய்விட்டால் வடிகட்டும் திறன் குறையும். ஐந்து முறை போட்டபின், அல்லது பட்டை தளர்ந்தவுடன் மாற்றுங்கள். இந்தச் செலவு கட்டாது என்றால் உள்ளே மூன்றடுக்கு சர்ஜிக்கல், மேலே இறுக்கமான துணி மாஸ்க் என இரண்டாகப் போடுங்கள். துணியின் வேலை சர்ஜிக்கலின் ஓரங்களை முகத்தோடு அழுத்துவது. என்-95க்கு மேல் இன்னொன்று போட வேண்டாம்.

எந்த மாஸ்க்கும் ஓரத்தில் காற்று ஒழுகினால் பாதிப் பயன்தான். போட்டதும் மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூம்பி இரண்டு பக்கமும் சந்து விழும். பிறகு பலமாக மூச்சை விட்டு, உள்ளங்கையை ஓரத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே காற்று அடித்தால் மறுபடி சரிசெய்யுங்கள். தாடி இருந்தால் என்-95 படியாது, தொற்று ஓயும் வரை எடுத்துவிடுங்கள்.

ஹெல்மெட் போடுபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. காதில் மாட்டும் மாஸ்க் என்றால் ஹெல்மெட்டைக் கழற்றும்போது பட்டை சிக்கி மாஸ்க்கும் கூடவே வந்துவிடும். அதுவும் நடப்பது கடை வாசலில், கூட்டத்தின் நடுவில். இரண்டு காதுப் பட்டைகளையும் பின்மண்டையில் ஒரு சின்ன நாடாவால் இணைத்துக் கட்டுங்கள். மாஸ்க் இறுகும், காதும் வலிக்காது. மாஸ்க்கை முதலில் போட்டு அதன்மேல் ஹெல்மெட், கழற்றும்போது தாடைப் பட்டைகளை இரண்டு பக்கமும் விரித்து நேராக மேலே தூக்குங்கள். ஹெல்மெட்டை இன்னொருவருடன் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

நனைந்த மாஸ்க் மூச்சு முட்டத்தான் செய்யும். மதிய ஷிப்டுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என்று கொண்டு போங்கள். தனியாக வண்டி ஓட்டும்போது தொற்று அபாயம் மிகக் குறைவு. ஆனால் பொது இடத்தில் மாஸ்க் இல்லையென்றால் 2021இல் 200 ரூபாய் அபராதம் இருந்தது, சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் ஓரடி தூரத்தில் நிற்கிறார், ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கை முகத்துக்குப் போகிறது. ஆகவே இறக்காமல் இருப்பதே சுலபம். உண்மையில் மூச்சு வாங்கினால் ஆள் இல்லாத நிழலில் வண்டியை நிறுத்தி, இறக்கி, நன்றாக மூச்செடுத்து, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். அக்னி நட்சத்திர மதியத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தேவை. மூன்று மணி நேர ஷிப்டுக்கு இரண்டு லிட்டர் ஆகிறது. டீக்கடைகள் மூடியிருக்கும் ஊரடங்கு நாட்களில் அதை வீட்டிலிருந்தே எடுத்துப் போகத்தான் வேண்டும். அதில் ஒரு பாட்டில் உப்புப் போட்ட நீர்மோராக இருக்கட்டும்.

வெயிலோடு சேர்ந்த இன்னொரு தொல்லை, அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டி நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானி. அது தோலின் சூட்டைத்தான் அளக்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றியவுடன் காட்டினால் காய்ச்சல் இல்லாதவருக்கும் அதிகமாகக் காட்டும். பத்து நிமிடம் நிழலில் நின்று வியர்வையைத் துடைத்த பின் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. வீட்டில் நீங்களே பார்ப்பதும் வெயிலிலிருந்து வந்து அரை மணி ஓய்வெடுத்த பிறகுதான்.

போன் பேச்சுக்கு வருவோம். பேசும்போது, அதிலும் உரக்கப் பேசும்போது, சும்மா மூச்சு விடுவதைவிடப் பல மடங்கு துளிகள் வெளியே வருகின்றன. மாஸ்க் மிகவும் தேவைப்படும் நேரமே அதுதான். மைக் உள்ள ஒயர் இயர்போன் வாங்கினால் வாயருகில் மைக் வரும், மாஸ்க்கோடு பேசினாலும் எதிர்ப்பக்கம் தெளிவாகக் கேட்கும். "பார்சலைக் கதவருகே வைத்துவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள்" என்பது போன்ற இரண்டு மூன்று வரிகளைப் போனில் சேமித்து வைத்து மெசேஜாக அனுப்பினால் பாதி அழைப்பு மிச்சம்.

லிஃப்டில் கூட்டமாக ஏறாதீர்கள். ஆள் இறங்கிப் போன பிறகும் அவர் விட்ட காற்று சில நிமிடங்கள் அங்கேயே இருக்கும். மூன்று மாடி வரை படி ஏறிவிடுங்கள். அதற்கு மேல் என்றால் தனியாக ஏறுங்கள், உள்ளே போன் பேச வேண்டாம். ‘டெலிவரி ஆட்களுக்கு சர்வீஸ் லிஃப்ட் மட்டும்’ என்று ஒதுக்கிவிட்டு, வேலைக்காரர்கள் எல்லாரையும் அந்தச் சிறிய பெட்டிக்குள் அடைக்கும் குடியிருப்புகள் உண்டு. அங்கே கஸ்டமரைக் கீழே வரச் சொல்லுங்கள், அல்லது செக்யூரிட்டி மேஜையில் வைத்துவிட்டு மெசேஜ் போடுங்கள். வருகைப் பதிவேட்டில் எழுதச் சொந்தப் பேனா வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளி இருக்கும் வீடு என்று தெரிந்தால் பயந்து ஆர்டரை ரத்து செய்ய வேண்டாம். சமைக்க முடியாமல் படுத்திருக்கும் அவர்களுக்குத்தான் அந்தச் சாப்பாடு அதிகம் தேவை, முறையாகச் செய்தால் உங்களுக்கும் ஆபத்து குறைவு. கதவுக்கு வெளியே ஸ்டூலிலோ திண்ணையிலோ வையுங்கள், மணியடியுங்கள், கதவு திறக்கும் முன் படிக்கட்டுக்கு இறங்கிவிடுங்கள். கதவு திறந்து நேருக்கு நேர் வந்துவிட்டால் பதில் பேச நிற்காமல் இரண்டு எட்டு பின்னால் போய் அங்கிருந்து கையசைத்துவிட்டு வாருங்கள். இதைப் படிக்கும் கஸ்டமர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்கூட்டியே ஆன்லைனில் பணம் கட்டிவிடுங்கள், வாசலில் ஒரு ஸ்டூல் போடுங்கள், கதவைத் திறக்கும் முன் மாஸ்க் போடுங்கள். நோயாளி வீட்டில் இருந்தால் குறிப்பில் அதை எழுதுங்கள், ஒளிக்க வேண்டியதில்லை.

ரொக்கம் வாங்க நேர்ந்தால் தனி ஜிப் பையில் போட்டுவிட்டுக் கையைச் சுத்தம் செய்யுங்கள். நோட்டில் சானிடைசர் அடிக்க வேண்டாம். எச்சில் தொட்டு எண்ணும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் கட்டாயம் விடுங்கள்.

சானிடைசரில் ஆல்கஹால் குறைந்தது 60 சதவீதம் என்று லேபிளில் இருக்க வேண்டும். லேபிளே இல்லாத சில்லறைச் சரக்கில் மெத்தனால் கலந்திருக்கலாம், அது விஷம். ஒரு முறைக்கு 3 மில்லி எடுத்து, கை முழுக்க ஈரமாக இருக்கும்படி இருபது முதல் முப்பது வினாடி தேய்க்க வேண்டும். ஒரு சொட்டு விட்டு உதறினால் பயனில்லை. கையில் சால்னா எண்ணெய் பிசுபிசுத்தால் சானிடைசர் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான் வழி. ஒவ்வொரு பார்சலுக்கும் தேவையில்லை, சாப்பிடும் முன், மாஸ்க்கைத் தொடும் முன், பணம் வாங்கிய பின் என்று வைத்துக்கொண்டால் போதும். கை நன்றாகக் காய்ந்த பிறகே வண்டியை எடுங்கள், அது எரியக்கூடிய திரவம். பாட்டிலை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் விட்டுவிட்டும் போகாதீர்கள். பார்சல்மேல் தெளிப்பதை இன்றோடு நிறுத்துங்கள், மூடி வழியே சாப்பாட்டில் இறங்கும். பையின் உட்புறத்தைக் காலையிலும் இரவிலும் சோப்புத் தண்ணீரில் துடைத்து, திறந்தே வைத்துக் காயவிட்டால் போதுமானது. கையுறை வேண்டாம், அதைப் போட்டவர் கை கழுவுவதை மறந்துவிடுகிறார்.

டெட்டாலும் வேண்டாம். வீட்டுக்குள் நுழைந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, துணியைச் சாதாரண சலவைத்தூளில் போட்டு, ஐந்து நிமிடத்தில் குளித்துவிட்டு வாருங்கள். மிச்சப்படும் நேரத்தில் ஜன்னலைக் கவனியுங்கள். ஒரே அறை வீட்டில் உங்கள் அம்மாவைக் காப்பாற்றப் போவது காற்றோட்டம்தான். எந்தப் பக்கமிருந்து காற்று உள்ளே வருகிறது என்று ஒரு ஊதுபத்தி ஏற்றிப் பாருங்கள். காற்று வரும் பக்கம் அம்மா, வெளியேறும் பக்கம் நீங்கள். டேபிள் ஃபேன் இருந்தால் உங்கள் பக்கத்து ஜன்னலில் வெளியே பார்த்தபடி வையுங்கள், அறைக் காற்றை அது வெளியே தள்ளும். மொட்டை மாடி இருந்தால் இரவு அங்கே படுங்கள். சாப்பாட்டை வாசலிலோ மாடியிலோ தனியாகச் சாப்பிடுங்கள். அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது போலப் பக்கத்தில் போகும் வேலைக்கு இருவரும் மாஸ்க் போடுங்கள்.

ஊருக்கு அனுப்ப வேண்டாம். 2021 மே ஊரடங்கில் பேருந்து ஓடவில்லை, பயணத்திலேயே தொற்று வரலாம், அங்கே பெரிய ஆஸ்பத்திரி தூரமாக இருக்கலாம். அதைவிட நல்ல வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 45 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் 2021 ஏப்ரல் 1 முதலே தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். ஆதார் அட்டையோடு அம்மாவை மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். சர்க்கரையும் பிரஷரும் ஊசிக்குத் தடையில்லை, அவை இருப்பவர்தான் முதலில் போட வேண்டும். அன்று காலை மாத்திரையை நிறுத்தக் கூடாது. உங்கள் வயதினருக்குத் தமிழ்நாட்டில் 2021 மே 20ஆம் தேதிதான் தொடங்கியது, இருப்பு குறைவாக இருந்தாலும் விடாமல் கேட்டுப் பாருங்கள். ஊசி போட்ட அன்று இரவோ மறுநாளோ காய்ச்சல், உடல்வலி வரலாம், பாராசிட்டமால் போதும், இரண்டு நாளில் போய்விடும். வார விடுப்புக்கு முந்தைய நாள் போட்டுக்கொண்டால் சம்பளம் போவது குறையும். நோய் வந்தால் குறைந்தது பத்து நாள் போகும், அதோடு ஒப்பிடுங்கள். 2021 மே மாத விதிப்படி, கோவிஷீல்டு என்றால் இரண்டாவது ஊசியை 12 முதல் 16 வாரத்திலும், கோவாக்சின் என்றால் 4 முதல் 6 வாரத்திலும் போட்டார்கள்.

காய்ச்சல், தொண்டை வலி, வாசனை தெரியாமை, வயிற்றுப்போக்கு, காரணமில்லாத அசதி, எது வந்தாலும் அன்றே லாக்-அவுட் செய்யுங்கள். பாராசிட்டமால் போட்டுச் சூட்டை மறைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. எரியாத அடுப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021இல் மாநகராட்சிக் காய்ச்சல் முகாமில் ஆர்.டி.-பி.சி.ஆர். என்ற கொரோனா சோதனையை இலவசமாகச் செய்தார்கள். முடிவு வரும்வரை காத்திராமல் அம்மாவிடமிருந்து விலகிவிடுங்கள். பாசிட்டிவ் என்றால் ஒரே அறை வீட்டில் தனிமை சாத்தியமில்லை, தனி அறையும் கழிப்பறையும் இல்லாதவர்களுக்காகவே 2021இல் கொரோனா பராமரிப்பு மையங்கள் இருந்தன. 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்றை நாலு நண்பர்கள் சேர்ந்தாவது வாங்கி வையுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து, நடுவிரலில் மாட்டி, எண் நிலைக்கும் வரை ஒரு நிமிடம் பொறுங்கள். மருதாணி, நகப்பூச்சு, ஜில்லிட்ட விரல், மூன்றும் தவறாகக் காட்டும். ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை கூடுதல் கவனம் தேவை, உடம்பு தேறியது போலத் தெரியும்போதே ஆக்சிஜன் இறங்கலாம். ஆறு நிமிடம் அறைக்குள் நடந்த பின் மூன்று புள்ளிக்கு மேல் குறைந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே 94க்குக் கீழே போனாலோ 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை குப்புறப் படுத்திருங்கள். மெடிக்கல் ஷாப்பில் சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களும் போடாதீர்கள், அம்மாவுக்கும் கொடுக்காதீர்கள். ஆக்சிஜன் குறைந்த பிறகு டாக்டர் தரும் மருந்து அது. முன்கூட்டியே போட்டால் கெடுதல், சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றும். 2021இல் அதிகம் பேசப்பட்ட கருப்புப் பூஞ்சை நோய்க்கு ஸ்டீராய்டும் ஏறிய சர்க்கரையும் சேர்வது முக்கியக் காரணம்.

பணத்துக்கு இப்போதே செய்ய வேண்டியது சில உண்டு. உங்கள் நிறுவனத்தில் கொரோனா காப்பீடும் விடுப்புக் கால உதவியும் உண்டா, எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ஆப்பின் சாட்டிலேயே கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாயால் சொன்னது பிறகு நிற்காது. சோதனை முடிவு, ஆஸ்பத்திரிச் சீட்டு, கடைசி மூன்று மாத வருமானக் கணக்கு மூன்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். 2021 மே மாதத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைத்தது, தனியார் மருத்துவமனையில் கொரோனா சிகிச்சைக்கும் அது செல்லும் என்று அந்த மாதம் அரசு ஆணையிட்டது. அரிசி குடும்ப அட்டைக்கு அரசு அறிவித்த 4,000 ரூபாயில் முதல் தவணை 2,000 ரூபாயையும் அந்த மாதம் ரேஷன் கடையில் தந்தார்கள்.

நோய் வந்து தேறினால், அறிகுறி தொடங்கி பத்து நாளும், காய்ச்சல் இல்லாமல் மூன்று நாளும் ஆன பின் வேலைக்குப் போகலாம், மறுபடி சோதனை தேவையில்லை என்பதே 2021இல் இருந்த விதி. முதல் வாரம் ஒரே ஷிப்ட் மட்டும், அதுவும் மதிய வெயில் வேண்டாம். இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு படபடப்போ வலியோ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.